வைத்தியசாலைக்குக் கட்டும் மூட்டை

வாழ்நாளில் நாம் செய்யும் பிரயாணங்கள் பல. திருமண வீட்டிற்குச் செல்வோர் பத்து நாள் முன்னரே பெட்டியைத் திறந்துவைத்து அடுக்கத் தொடங்குகின்றனர். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் மாணவனுக்கு முறுக்கும், சீடையும், தேங்காயெண்ணெய்க் குப்பியும் அன்னையின் கையால் மூட்டையாகின்றன. ஒரு நாள் திருவிழாவிற்குச் செல்வோரும் மாற்றுடையின்றிச் செல்வதில்லை. ஆயினும், பெரும்பாலார்க்குத் தப்புதற்கரிய பிரயாணம் ஒன்று உண்டு; அதற்கு மட்டும் நம்மில் எவரும் மூட்டை கட்டி வைப்பதில்லை. வைத்தியசாலைக்குச் செல்லும் பிரயாணமே அது. அம் மூட்டை நள்ளிரவிலே, நடுங்குங் கைகளால், அழுகைக்கும் கூக்குரலுக்கும் இடையே ஐந்து நிமிடத்திற் கட்டப்படுவது. அவ்வாறு கட்டப்பட்டது எத்தகைய மூட்டையாயிருக்கும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இவ்வசதியின்மைக்குக் காரணம் வறுமையன்று, மறதியும் அன்று. அபசகுனம் என்னும் அச்சமே காரணம். "நல்ல நாளும் அதுவுமாய் ஆஸ்பத்திரிப் பேச்சு எதற்கு?" என்று பெரியோர் வாயடைத்து விடுகின்றனர். முன்கூட்டிக் கட்டிவைத்தால் நோயை நாமே வீட்டிற்கு அழைத்ததாகும் என்பது அவர்தம் எண்ணம். கிறிஸ்தவ இல்லங்களும் இவ்வெண்ணத்திற்கு விலக்கல்ல என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

பிற ஊர்களில் இவ்வச்சம் எவ்வாறாயினும் ஆகுக. தூத்துக்குடியைத் தலையாகக் கொண்ட இம் முத்துக்குளித்துறைக் கரையில் அதற்கு இடமிருத்தலே வியப்பு. கடலோடும் மக்கள் முன்னேற்பாட்டை அபசகுனமெனக் கருதியவரல்லர். இத் துறையினின்று கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துச் சென்ற தோணிகளில், குடிநீரும், அரிசியும், கருவாடும், கிழிந்த பாயைத் தைக்கும் ஊசியும் நூலும் ஏற்றப்பெறாமல் நங்கூரம் எடுக்கப்பட்டதில்லை. பாயைத் தைக்கும் ஊசியை எடுத்துவைத்ததனாலே புயல் வந்தது என்று எந்தத் தண்டலும் சொல்லக் கேட்டதில்லை. ஊசி இல்லாத தோணியிலே பாய் கிழிந்தால் என்னாகும் என்பதையே அவர்கள் எண்ணினார்கள்.

வைத்தியசாலையும் இக் கரைக்குப் புதியதோர் அந்நியப் பொருளன்று. தமிழ் எழுத்தில் முதன்முதல் நூல் அச்சிட்டவராகிய அன்றிக் அடிகளார், தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலிலே, 1550-ஆம் ஆண்டளவில், இக் கரை மக்களின் பொருளுதவியைக் கொண்டு ஒரு வைத்தியசாலையை ஏற்படுத்தினார். 1870-இல் டாக்டர் ஸ்டிராக்கன் நாசரேத்தில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். தூத்துக்குடியில் அரசினர் மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டிலே தோன்றியது. ஏறத்தாழ நானூற்றெழுபது ஆண்டுகளாக நோயாளிக்குப் படுக்கை விரித்துவந்த கரையிலே, அப் படுக்கைக்குச் செல்லும் வழிமூட்டையை மட்டும் நாம் கட்டக் கற்கவில்லை.

இஃது எம் சொந்த அனுபவத்தால் யாம் கற்ற பாடம். சென்ற ஐப்பசி மாதத்து மழை நாளொன்றில், எம் பாட்டியார் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தனர். வண்டி வாசலில் வந்து நின்றது. மூட்டை கட்டும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. யாம் எடுத்துச் சென்றவை: பெட்டியின் மேலிருந்த ஒரு பட்டுச் சேலை, ஒரு புதிய துவாலை, வெந்நீர்க் குடுவை, ஹார்லிக்ஸ் ஒரு போத்தல், செபப்புத்தகம். யாம் விட்டுச் சென்றவை: அவர்தம் மூக்குக்கண்ணாடி, பல்செட்டு வைக்கும் டப்பா, நாள்தோறும் உண்ணும் மாத்திரைகள், முன்னர்ப் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுகள்.

கண்ணாடி இல்லாமையாற் செபப்புத்தகம் பயனற்றதாயிற்று. இதனைக்கூட மன்னிக்கலாம். "நோயாளி என்னென்ன மாத்திரை உண்கிறார்?" என்று டாக்டர் வினவியபொழுது, "காலையில் ஒரு சிறிய வெள்ளை மாத்திரை" என்பதற்குமேல் எமக்கு விடை தெரியவில்லை. தமிழ் இலக்கணத்தில் எண்ணிறந்த சூத்திரங்களை ஒப்பிக்கவல்ல எமக்கு, எம்மை வளர்த்த பாட்டியார் உண்ணும் மருந்தின் பெயர் தெரியாதிருந்தது! மறுநாள் நண்பகலில் வீட்டிலிருந்து மாத்திரை அட்டை வந்து சேர்ந்த பின்னரே, அது குருதி உறையாதிருக்கக் கொடுப்பது என்பது விளங்கிற்று. அத்தகைய மருந்து உடலில் இருக்கையிற் கத்தி வைப்பின் குருதிப்போக்கு மிகும் ஆதலின், அறுவைச் சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது. அந் நாட்களின் வலியை எம் பாட்டியார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தனர். மாத்திரை அட்டை முதல் நாள் இரவே எம் கையில் இருந்திருப்பின், மருந்தின் கணக்கும் அன்றிரவே தொடங்கியிருக்கும்.

அப்பொழுது அவர் சொன்ன சொல் இன்றும் எம் செவியில் உளது. எம் பாட்டனார் தோணியிலே தண்டலாயிருந்தவர். "எய்யா, உங்க தாத்தா கொழும்புக்குப் போகும்போதெல்லாம் பெட்டி கட்டினது நான்தான். ஊசி நூல், சுக்கு, கருப்பட்டி ஒண்ணும் விடமாட்டேன். எனக்குப் பெட்டி கட்ட ஒரு ஆளைப் பழக்காம விட்டுட்டேனே" என்றார். அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை, தம்மையே கடிந்துகொண்டார். அதுவே எம்மை மிகுதியும் சுட்டது.

நிற்க. அவ் வைத்தியசாலையில் ஒன்பது நாள் தங்கியதிலே யாம் கண்டறிந்த உண்மைகள் சிலவற்றை ஈண்டு நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மூட்டையில் முதலிடம் பெறவேண்டுவன தாள்களும் மருந்துகளுமே. பழைய மருந்துச் சீட்டுகள், சோதனை முடிவுகள், நாள்தோறும் உண்ணும் மாத்திரைகள் அவற்றின் அட்டையுடன், ஒவ்வாத மருந்து ஏதேனும் இருப்பின் அதன் பெயர், குருதி வகை, ஆதார் அட்டை, குடும்ப அட்டை, இவற்றின் படிகள் ஆகியன ஓர் உறையில் இருத்தல் வேண்டும். 2012-இல் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அட்டை பெற்ற குடும்பத்தார் அதனையும் அவ்வுறையிலே வைத்தல் நன்று. பீரோவிற் பத்திரமாகப் பூட்டிவைத்த அட்டை படுக்கையிற் கிடப்போர்க்கு உதவாது. தோணியில் முதலில் இறக்கவேண்டிய சரக்கு மேலே அடுக்கப்படுவது போல, இவ்வுறையும் மூட்டையின் மேற்பக்கத்தே இருத்தல் வேண்டும். வீட்டிலிருந்து கொணர்ந்த மாத்திரைகளைத் தாமே விழுங்காது, தாதியரிடம் காட்டி அவர் சொன்னபடி செய்தல் வேண்டும் என்பதும் நினைவிலிருத்தத் தக்கது.

இரண்டாவது, நோயாளியை அவராகவே இருக்கச் செய்யும் பொருள்கள். வைத்தியசாலையில் நுழைந்தவுடன் ஒருவர் தம் பெயரை இழந்து படுக்கையின் எண்ணாகி விடுகின்றார். அங்கே அவருக்குரியவை என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே. கண்ணாடி, பல்செட்டு, செவிக்கருவி ஆகிய மூன்றும் உடைமைகளல்ல, அவர்தம் உறுப்புகளே. இவற்றிற்கு மூடியுள்ள டப்பாக்களைத் தேடி, அவற்றின்மேற் பெயரெழுதி வைத்தல் வேண்டும். உணவுத் தட்டோடும் விரிப்போடும் கலந்து தொலைவன இவையே. அதற்கடுத்து, பழகிய தம்ளர், பழகிய போர்வை, வழுக்காத செருப்பு, கையிற் குழாய் ஏற்றியிருக்கும்போதும் மாற்றத்தக்க முன்புறம் பொத்தானிட்ட பருத்தி உடைகள், உலர்ந்த உதட்டிற்குச் சிறிது தேங்காயெண்ணெய், இரவெல்லாம் எரியும் விளக்கை மறைக்கக் கண்மேல் இடும் ஒரு கறுப்புத் துணி, கைப்பேசிக்குச் சார்ஜர். பட்டுச் சேலையை ஒன்பது நாளும் எவரும் தொடவில்லை. பாட்டியார் மூன்றாம் நாள் கேட்டது தம் பழைய நூற்சேலையை. அதனைத் தலையணைமேல் விரித்தபின்னரே அவர் நன்றாகத் துயின்றார்.

இவையெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்று எவரேனும் நகைப்பாராயின், அவர்க்கு ஒரு முதியவரை நினைவூட்டுவோம். பவுல் அப்போஸ்தலர், சிறையிலே தம் முடிவை எதிர்நோக்கியிருந்த காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இறுதியிலே, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் நூல்களையும் கொண்டுவரும்படி கேட்கின்றார். பரலோகத்தை நோக்கிய கண்ணினர் பழைய அங்கியையும் மறந்திலர். உடலுக்கு ஒன்று, உள்ளத்திற்கு ஒன்று என அவர் கேட்ட அளவே நோயாளியின் மூட்டைக்கும் போதிய அளவு என்று எமக்குத் தோன்றுகின்றது.

கண் காண்பது உடலையும் தொடும் என்பதை மருத்துவ உலகமும் அறிந்துள்ளது. 1859-இல் வெளியான தம் செவிலியர் நூலிலே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், நாள்தோறும் ஒரே சுவரைப் பார்த்துக் கிடக்கும் நோயாளிக்கு நிறமுள்ள மலரும் மாறுதலான காட்சியும் எத்துணை நலம் செய்யும் என்பதை விரித்துரைத்தார். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்பார், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து வைத்தியசாலை ஒன்றிலே பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற் சுவரைக் கண்டவர்களினும் விரைவில் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநீக்கி மருந்துகளையும் குறைவாகவே வேண்டினார்கள். மரத்தையும் சன்னலையும் மூட்டையிற் கட்ட இயலாதுதான். ஆயினும் பேரப்பிள்ளைகளின் படமொன்றைக் கட்ட இயலும். படித்து முடியாத புத்தகத்தைக் கட்ட இயலும்.

மூன்றாவது உண்மையே யாம் சொல்லவந்தவற்றுள் முதன்மையானது. அதனை முத்துக்குளித்தலைக் கொண்டே விளக்குவோம். இக் கரையில் 1961-ஆம் ஆண்டோடு முத்துச் சலாபம் நின்றுவிட்டது. ஆயினும் அதன் நினைவு ஊர்தோறும் நிற்கின்றது. குளியாள் கடலில் இறங்குகையில் எடுத்துச் சென்றவை மிகச் சில: ஆழத்திற்கு இழுக்கும் கல் ஒன்று, சிப்பி இடும் வலைப்பை ஒன்று, கயிறு. ஏறத்தாழ ஒரு நிமிடமே அவன் மூச்சு. அவன் உயிர் அவன் கையில் இல்லை. மேலே வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பவன் கையில் இருந்தது. ஆதலாலேதான், உடன்பிறந்தாளின் தாலிக்கு அஞ்சிக் கைதளராதவன் என்று, குளியாளின் மைத்துனனையே கயிறு பிடிக்க நிறுத்துவார்கள் எனச் சொல்வது வழக்கம்.

நோயாளிக்குக் கயிறு பிடிப்பவர் யார்? படுக்கையின் அருகே அமர்ந்திருப்பவரே. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கையில், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, அருகிருந்து துணைசெய்வோனையும் நான்காவதாகச் சேர்த்தார். அவனுக்கு அன்பும், தூய்மையும், சொன்னதைச் செய்யும் வன்மையும், அறிவும் வேண்டுமென்று பரிமேலழகர் உரை வகுத்தார். உறக்கமும் உணவும் வேண்டும் என்று எவரும் எழுதவில்லை. எழுதாமலே விளங்கும் என்று கருதினர் போலும். ஆனால் நமக்கு அது விளங்கவில்லை.

எம் பாட்டியாருக்குக் கயிறு பிடித்தவர் எம் அன்னையார். பாட்டியாருக்கென ஒரு மூட்டையேனும் சென்றது. அன்னையாருக்கென ஒன்றும் செல்லவில்லை. மாற்றுச் சேலையின்றி, விரிக்கப் பாயின்றி, பல் துலக்கப் பசையின்றி அவர் சென்றார். மூன்று இரவுகள் மரப் பலகையிலே அமர்ந்தபடி கண்ணயர்ந்தார். மாலைதோறும் உறவினர் வந்தனர். ஆரஞ்சும், ரொட்டியும், மக்ரூனும் வந்தன. ஒருவரேனும் அன்னையாரிடம், "நீங்கள் உண்டீர்களா?" என்று வினவவில்லை. யாமும் வினவவில்லை, கல்லூரி விடுப்பிலே நின்று, மாலையில் வந்து, இரவில் வீட்டிலே துயின்றோம். ஏழாம் நாள் அன்னையாருக்குக் காய்ச்சல் கண்டது. அந் நாளிலேதான் யாம் முதன்முறையாக ஓர் இரவு அப் பலகையில் அமர்ந்தோம். ஓரிரவு அமர்ந்தவன் எவனும் இக் கட்டுரையிற் சொல்வதை மறுக்கமாட்டான்.

ஆதலின், ஒரு மூட்டையன்று, இரு மூட்டை கட்டுக. இரண்டாவது மூட்டை துணையிருப்பவர்க்கு உரியது. மடக்குப் பாய், போர்வை, இரண்டு மாற்றுடை, சோப்பு, பற்பசை, மூடியுள்ள உணவுப் பாத்திரம், குடிநீர்க் குப்பி, அவரும் உண்ணும் மாத்திரை ஏதேனும் இருப்பின் அது, சில்லறைக் காசு. இவற்றோடு ஒரு சிறு குறிப்பேடும் பென்சிலும். டாக்டர் படுக்கையருகே நிற்பது சில நிமிடமே. அவர் சென்றபின் நினைவுக்கு வரும் கேள்விகளோ பல. முன்னரே எழுதிவைத்துக் கேட்டு, அவர் சொல்வதையும் எழுதிக்கொள்பவரே உண்மையிற் கயிற்றை இறுகப் பிடித்தவர். பாய் ஒருவர்க்கே போதும் ஆயினும், அதில் முறைமாறித் துயிலப் பலர் முன்வரவேண்டும். அம் முறையையும் மூட்டையோடு சேர்த்தே திட்டம் செய்தல் வேண்டும்.

இனி, கட்டத்தகாதவையும் சில உள. பொன்னகைகளை வீட்டிலே கழற்றிவைத்துச் செல்க. அறுவை அறைக்கு முன் கழற்றித் துணியில் முடிந்து, பின்னர்த் தேடி வருந்துவோர் பலர். பெருந்தொகையைக் கையில் வைத்திருத்தல் வேண்டா. மணம் மிகுந்த தைலங்கள் அடுத்த படுக்கையில் இருப்பார்க்குக் குமட்டலை உண்டாக்கலாம். டாக்டர் இசைவின்றி இனிப்பும் பழமும் கொண்டுசெல்லுதல் அன்பன்று. சர்க்கரை நோயுடையார்க்கு அது தீங்கே. குளியாள் மிகுதியான பொருளோடு இறங்கினால் மேலெழுவது அரிது. நோயாளியின் கட்டிலடியும் ஒரு முழ அகலமுள்ள இடமே.

"இவற்றையெல்லாம் வைத்தியசாலையன்றோ கொடுக்கவேண்டும்? நோயாளி ஏன் சுமக்கவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். இக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. விரிப்பும், தூய நீரும், துணையிருப்பார் தலைசாய்க்க ஓரிடமும் எல்லா வைத்தியசாலைகளிலும் கிடைத்தல் வேண்டும். அதற்காக நாம் வாய்திறந்து கேட்கவும் வேண்டும். ஆயினும், எத்துணைச் சிறந்த வைத்தியசாலையும் என் பாட்டியாரின் கண்ணாடியை எனக்காகத் தேடித் தரமாட்டாது. அவர் உண்ட மாத்திரையின் பெயரையும் அதனால் ஊகித்தறிய இயலாது. பிறர் செய்யவேண்டுவதைக் கேட்பதற்கு, நாம் செய்யவேண்டுவதைச் செய்திருத்தல் வலிமை தரும். வறியோர்க்கு இஃது ஆகுமோ எனின், யாம் கூறியவற்றுட் பெரும்பாலன வீட்டில் உள்ளவையே. குறைவது பொருளன்று, ஒரு நாள் மாலை அமர்ந்து எண்ணிப் பார்க்கும் பொறுமையே.

இறுதியாக, நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். நம் விடுதியிலே தொலைவான கடற்கரைச் சிற்றூர்களிலிருந்தும், பனங்காட்டுத் தேரிகளிலிருந்தும் வந்து தங்கிப் பயிலும் மாணவர் பலர். அவர்களுள் ஒருவன் இரவிலே காய்ச்சலாலோ குடல்வாலழற்சியாலோ வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தால், பெற்றோர் வந்து சேர ஒரு நாள் ஆகலாம். அவ் வேளையில் எடுத்தோடுவதற்கு, விடுதியில் எப்பொழுதும் இரு பைகள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்: ஒன்று நோயுற்றவனுக்கு, மற்றொன்று உடன் செல்லும் நண்பனுக்கு. ஒவ்வொரு மாணவனும் ஆண்டின் தொடக்கத்திலே தன் குருதி வகை, உண்ணும் மருந்து, ஒவ்வாத மருந்து, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, விடுதிக் காப்பாளரிடம் கொடுத்து வைக்கட்டும். இதற்காகும் செலவு, பழைய மாணவர் ஒருவர் ஒரு மாலை விருந்திற்குச் செலவிடுவதினும் மிகாது. பழைய மாணவர் சங்கத்தார் இதனைச் செவிசாய்த்துக் கேட்பாராக.

எம் பாட்டியார் இப்பொழுது கைத்தடி ஊன்றி நடக்கின்றனர். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் வீடு சென்றபோது, பாட்டனாரின் பழைய கடற்பெட்டியைத் திறந்து, அதற்குள் இரண்டு துணிப்பைகளைக் கட்டி வைத்திருந்தார். ஒன்றின்மேல் தம் பெயரும், மற்றொன்றின்மேல் எம் அன்னையாரின் பெயரும் நடுங்கிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. "அபசகுனம் இல்லையா, பாட்டி?" என்று வினவினோம். "கடலுக்குப் போற வீட்ல இதெல்லாம் பார்த்தா முடியுமா, எய்யா?" என்றார்.